கையும் செயலும்

திருச்சிராப்பள்ளிக்கு வடகிழக்கே, கொள்ளிடத்தின் வடபால் அமைந்துள்ள ஊர் லால்குடி. திருத்தவத்துறை என்பது அதன் பழம்பெயர். அய்யன் வாய்க்காலும் பெருவளை வாய்க்காலும் பாய்ந்து வளஞ்செய்யும் அப்பகுதியில் நெல்லும் வாழையும் செழித்து நிற்கும். அங்குள்ள பெண்டிரின் கைகள் விடியற்காலை தொடங்கி இரவு வரை ஓய்வறியா. வாசல் தெளித்துக் கோலமிடுவதும், குடம் சுமப்பதும், மாவரைப்பதும், நாற்று நடுவதும் ஒரே கைதான். ஒரு கை ஒரு நாளில் எத்தனை தொழில் செய்கின்றது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அது செயலற்று நின்ற பின்னரே எண்ணுகின்றோம்.

அவ்வாறு நின்றுபோன ஒரு கையைப் பற்றியும், அது மீண்டும் எழுந்ததைப் பற்றியும் இப்பாடத்திற் கூற எண்ணுகின்றேன். மாணவர்களே, அந்தக் கை என் தமக்கையாருடையது.

இருபது ஆண்டுகளுக்கு முன்பு, அவர்க்கு ஐம்பத்திரண்டு வயது நடக்கையில், வலப்புற மார்பில் ஒரு சிறு கட்டி தோன்றிற்று. நோவு இல்லை, ஆதலால் அதனைப் பொருட்படுத்தவில்லை. ஐயம் எழுந்த பின்னரும், மார்பில் வந்த நோயை எவரிடம் சொல்வது என்று கூசி ஆறு திங்கள் மறைத்து வைத்திருந்தார். தலைவலி வந்தால் ஊரறியக் கூறும் நாம், இவ்வுறுப்பில் நோய் வந்தால் மட்டும் ஏன் வாய் மூடிக்கொள்கின்றோம்? மார்பு என்பது நம் இலக்கியங்களிற் பலவிடத்தும் பயின்றுவரும் நல்ல சொல். நோயின் பெயரைச் சொல்ல நாணி உயிரை இழந்தோர் பலர். இன்று இந்தியப் பெண்டிர்க்கு வரும் புற்றுநோய்களுள் எண்ணிக்கையில் முதலிடம் பெறுவது மார்பகப் புற்றுநோயே ஆகும்.

நல்வினையாகக் காலம் முற்றிலும் கடந்துவிடவில்லை. அறுவை மருத்துவம் நடந்தது. மார்பகத்தையும், அதனையடுத்து அக்குளில் இருந்த நிணநீர்க் கணுக்களையும் மருத்துவர் நீக்கினர். பின்னர் மருந்தேற்றமும் கதிர்வீச்சும் நடந்தேறின. ஓராண்டிற்குள் நோய் நீங்கியது என்று கூறி அவரை இல்லத்திற்கு அனுப்பினர். நாங்கள் அனைவரும் மகிழ்ந்தோம். துன்பம் தீர்ந்தது என்றே எண்ணினோம்.

முன்னாளில் அவ்வளவே பெரும்பேறு எனக் கருதப்பட்டது. திருச்சிராப்பள்ளிக்குத் தெற்கேயுள்ள புதுக்கோட்டையில் 1886ஆம் ஆண்டில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அத்துயரத்தை அவர் உள்ளத்திலேயே புதைத்துவிடவில்லை. பல்லாண்டுகள் முயன்று, 1954ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றிற் புற்றுநோய் மருத்துவமனையை நிறுவினார். 12 படுக்கைகளுடன் அது தொடங்கிற்று. அடுத்த ஆண்டில் அங்கே பணியேற்ற டாக்டர் சாந்தா, 2021ஆம் ஆண்டில் மறையும் வரை அந்நிறுவனத்திற்கே தம் வாழ்நாளை ஈந்தார். அந்நாளில் நோயாளர் பிழைப்பாரோ மாட்டாரோ என்பதே வினாவாக இருந்தது. இன்று காலத்தே கண்டறியப்பட்டோரிற் பெரும்பாலோர் பிழைத்தெழுகின்றனர். ஆதலின் வேறொரு வினா எழுந்துள்ளது. பிழைத்தவர் எங்ஙனம் வாழ்வது?

இவ்வினாவிற்கு என் இல்லத்தில் நாங்கள் கண்ட விடை தவறானது. அத்தவற்றிற்கு முதற்காரணம் யானே.

தமக்கையார் இல்லம் திரும்பிய அன்றே, "அக்கா, இனி நீங்கள் அந்தக் கையை அசைக்கவே கூடாது, எல்லாவற்றையும் நாங்கள் பார்த்துக்கொள்வோம்" என்று கட்டளையிட்டேன். குடத்தைத் தொட்டால் ஓடிப்போய் வாங்கினேன். துடைப்பத்தை எடுத்தால் பிடுங்கினேன். திண்ணையில் ஒரு சாய்வு நாற்காலியை இட்டு, அதில் அவரை அமர்த்தினேன். அண்டை வீட்டாரும் உறவினரும், "தம்பி எவ்வளவு அன்பாகப் பார்த்துக்கொள்கிறான்!" என்று புகழ்ந்தனர். யானும் உள்ளூர மகிழ்ந்தேன்.

மூன்று திங்கள் கழிந்தன. ஒரு நாட்காலையில் தமக்கையார் தலைவாரிக் கொள்ள முயன்றார். கை தோள்மட்டத்திற்கு மேல் எழவில்லை. வடுவுள்ள இடம் கயிற்றால் இழுப்பது போல் இறுகியிருந்தது. இடக்கையால் முயன்று பார்த்தார். பின்னர்ச் சீப்பைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருந்தார். உணவு குறைந்தது, உறக்கம் கெட்டது. பகலெல்லாம் ஓய்ந்திருந்தும் களைப்பு நீங்கவில்லை. "எனக்குத்தான் ஒரு வேலையும் இல்லையே, நான் எதற்காக இருக்கிறேன்?" என்று ஒரு முறை கேட்டார்.

தமிழில் கை என்னுஞ் சொல் உறுப்பை மட்டும் குறிப்பதன்று; செயலையும் ஒழுக்கத்தையும் குறிக்கும். புறத்திணைத் துறைகளுள் கையறுநிலை என்பது ஒன்று. தலைவன் மாய்ந்தவிடத்து அவனைச் சார்ந்தோர் செயலற்று வருந்துவதைக் கூறுவது அது. அத்துறையை வகுப்பறையில் முப்பதாண்டுகளுக்கு மேல் நடத்தியிருக்கின்றேன். எனினும், அச்சொல்லின் முழுப்பொருளும் எனக்கு விளங்கியது எங்கள் திண்ணையில்தான்.

கையை அசைத்தலாகாது என்னும் கருத்து யான் புதிதாகப் படைத்ததன்று. நெடுங்காலமாக மருத்துவருட் பலரும் அவ்வாறே கூறி வந்தனர். அதற்குக் காரணம் உண்டு. நம் உடலிற் குருதி ஓடுவதை அனைவரும் அறிவர். அதனினும் வேறாக, நிணநீர் என்றொரு தெளிந்த நீர் நுண்ணிய குழாய்களின் வழியே ஓடுகின்றது. சதையின் இடைவெளிகளில் தேங்கும் நீரையும் கழிவையும் திரட்டி, மீண்டும் குருதியிற் கொண்டு சேர்ப்பது அதன் தொழில். கையிலிருந்து வரும் நிணநீர் அக்குளில் உள்ள இருபதுக்கும் மேற்பட்ட கணுக்களின் ஊடாகச் செல்ல வேண்டும். புற்றுநோய் முதலிற் பரவுவதும் பெரும்பாலும் அக்கணுக்களிலேயே. ஆதலின் மருத்துவர் அவற்றை நீக்குகின்றனர். மதகை அடைத்தால் வாய்க்கால் நீர் வரப்பைக் கடந்து பரவுமன்றோ? அதுபோலக் கணுக்கள் நீங்கியபின் சிலர்க்கு நிணநீர் கையிலே தேங்கி வீக்கம் உண்டாகின்றது. கணுக்களை முற்ற நீக்கப்பெற்றோருள் ஏறத்தாழ ஐவரில் ஒருவர்க்கு இவ்வீக்கம் வரும். முதலில் ஓரிரு கணுக்களை மட்டும் எடுத்துச் சோதித்து, நோய் இல்லையெனின் ஏனையவற்றை விட்டுவிடும் முறை இப்பொழுது பரவியுள்ளது. அதனால் வீக்கமுறுவோர் தொகை குறைந்து வருகின்றது.

கையை மிகுதியாக உழைக்கச் செய்தால் அதிற் குருதி மிகுதியாகப் பாயும். குருதி மிகுந்தால் நிணநீரும் மிகும். நிணநீர் மிகுந்தால் வீக்கம் பெருகும். இதுவே முன்னோர் கொண்ட முறை. கேட்பதற்குப் பொருத்தமாகவே உளது. ஆயின், அவர்கள் ஒன்றனை எண்ணவில்லை. குருதியை உந்துவதற்கு நெஞ்சப்பை இருக்கின்றது. நிணநீர்க்கு அவ்வாறு தனியே ஓர் உந்துபொறி இல்லை. தசைகள் சுருங்கி விரியும்பொழுது குழாய்கள் அமுங்குகின்றன. அவற்றுள் இருக்கும் சிறு கதவங்கள் நீரை மேல்நோக்கி மட்டும் செல்லவிடுகின்றன. நிணநீர் நகர்வதற்கு இது பெரிதும் துணைபுரிகின்றது. அசையாத கையில் அதனை உந்துவது யார்?

தமக்கையாரைத் திருச்சிராப்பள்ளியில் ஒரு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். அங்கே இயன்முறை மருத்துவம் செய்யும் ஓர் இளம்பெண் அவருடைய தோளைத் தொட்டுப் பார்த்தார். "அம்மா, மூன்று மாதம் என்ன செய்தீர்கள்?" என்று வினவினார். "ஒன்றும் செய்யவில்லை, தம்பி ஒன்றும் செய்ய விடவில்லை" என்றார் தமக்கையார், சற்றுப் பெருமையுடன். அப்பெண் என்னை ஏறிட்டு நோக்கினார். சினமில்லை; ஆயினும் அப்பார்வை எனக்கு இன்றும் நினைவிருக்கின்றது. "ஐயா, அறுவை முடிந்த சில நாட்களிலேயே தோளை மெல்ல மெல்ல அசைக்கத் தொடங்கியிருக்க வேண்டும்" என்றார்.

பின்னர் அவர் கற்பித்த பயிற்சிகள் மிக எளியவை. முன்புறம் சற்றே குனிந்து, கையைத் தொங்கவிட்டு ஊசல் போல ஆட்டுதல் ஒன்று. தோள்களைச் சுழற்றுதல் ஒன்று. சுவரை நோக்கி நின்று, விரல்களாற் சுவரின்மீது பல்லிபோல ஊர்ந்து மேலேறுதல் மற்றொன்று. எட்டிய இடத்திற் கரியால் ஒரு கோடிட வேண்டும். மறுநாள் அதனைச் சிறிதேனும் கடக்க முயலவேண்டும். வடு இழுக்கும், அதற்கு அஞ்ச வேண்டா. கூரிய வலி எழுமாயின் நிறுத்திவிட வேண்டும். காய்ச்சலும் வீக்கமும் சிவப்பும் கண்டால் உடனே மருத்துவரிடம் வரவேண்டும். கையிற் கீறலும் கொப்புளமும் படாமற் காத்துக்கொள்ள வேண்டும். இவ்வளவே.

எங்கள் கூடத்துச் சுவரிற் கரிக்கோடுகள் ஒவ்வொன்றாக ஏறின. முதற்கோடு அவர் மோவாயின் அளவில் இருந்தது. இரண்டாம் திங்களின் முடிவில் நெற்றியைக் கடந்தது. தைப்பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்தவரை அச்சுவரின் ஒரு பகுதியை மட்டும் தொடவிடாது தமக்கையார் தடுத்துவிட்டார். விருந்தினர் அதுகண்டு முகஞ்சுளித்ததுண்டு.

இவ்விடத்தில் உலகின் மறுகோடியில் நடந்த ஒன்றனைக் கூறவேண்டும். அவ்விளம்பெண் அன்று எங்களுக்குத் துணிவூட்டக் கூறிய செய்தி இது. கனடா நாட்டின் வான்கூவர் நகரில், பிரிட்டிஷ் கொலம்பியப் பல்கலைக்கழகத்தில் டான் மெக்கென்சி என்னும் மருத்துவர் இருந்தார். கையை உழைக்கச் செய்தால் வீக்கம் வரும் என்பதற்குச் சான்று எங்கேயென அவர் தேடினார். உறுதியான சான்று கிட்டவில்லை. சோதித்தறிவதற்கு அவர் தேர்ந்தெடுத்தது எளிய பயிற்சியன்று. தோளும் கையும் கடுமையாக உழைக்கவேண்டிய படகோட்டம். 1996ஆம் ஆண்டில், மார்பகப் புற்றுநோயினின்றும் மீண்ட 24 பெண்டிரைத் திரட்டி, முதலில் உடலை உரப்படுத்தும் பயிற்சியளித்து, பின்னர்ச் சீனத்து நாகமுகப் படகில் துடுப்பு வலிக்கச் செய்தார். அப்படகில் இருபதின்மர் இருவர் இருவராக அமர்ந்து ஒரே தாளத்தில் வலிக்க வேண்டும். முன்னே ஒருவர் முரசறைவர். பின்னே ஒருவர் சுக்கான் பிடிப்பர்.

அப்படகுப் பந்தயத்தின் தோற்றம் பற்றிச் சீனர் வழங்கும் கதையொன்று உண்டு. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் சூ யுவான் என்னும் புலவர் தம் நாட்டின் வீழ்ச்சியைப் பொறாது மிலுவோ ஆற்றில் வீழ்ந்தாராம். அவரைக் காப்பாற்ற ஊர்மக்கள் படகுகளைச் செலுத்தி விரைந்தனராம். ஒரு புலவர்க்காக ஓர் ஊரே துடுப்பெடுத்ததென்பது தமிழ்ப் புலவனாகிய எனக்குச் சற்றுப் பொறாமை தருவதுதான். அது நிற்க.

வான்கூவர்ப் பெண்டிர் சில திங்கள் பயின்று பந்தயத்திலும் கலந்துகொண்டனர். அவர்களுள் எவர்க்கும் புதிதாக வீக்கம் தோன்றவில்லை. முன்னரே வீக்கமுற்றிருந்தோர்க்கும் அது மிகவில்லை. மெக்கென்சி இதனை 1998ஆம் ஆண்டில் மருத்துவ இதழில் எழுதினார். இருபத்துநால்வரைக் கொண்டு உலகிற்கு முடிவு கூறல் இயலாது என்பது உண்மையே. எனினும், அன்று கரையேறிய பெண்டிர் படகை விட்டு விலகவில்லை. அவர்களைப் பார்த்துப் பல நாடுகளிலும் இத்தகைய படகுக் குழுக்கள் தோன்றின. இன்று அவற்றிற்கெனப் பன்னாட்டு விழாக்களே நடைபெறுகின்றன.

இதனைக் கேட்ட தமக்கையார், "அப்படியானால் நான் குடம் எடுக்கலாமா?" என்று கேட்டார். அதற்கு அப்பெண், "பாரம் பற்றி இன்னும் ஆய்வு நடக்கிறது; இப்பொழுது ஒரு செம்பு நீரிலிருந்து தொடங்குங்கள்" என்றார். அவ்விடை அறிவுடையது. பாரந்தூக்கல் பற்றிய தெளிவு 2009ஆம் ஆண்டில் வந்தது. அமெரிக்காவில் பென்சில்வேனியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காத்ரின் ஷ்மிட்ஸ் என்னும் அறிஞர், கையில் ஏற்கெனவே வீக்கம் உடைய 141 பெண்டிரை இரு கூறாக்கினார். ஒரு கூற்றார் வாரம் இருமுறை, கையை இறுக்கிப் பிடிக்கும் உறை அணிந்து, பயிற்றுநர் மேற்பார்வையில் பாரந்தூக்கினர். பாரம் சிறிது சிறிதாகவே கூட்டப்பட்டது. மற்றையோர் அவ்வாறு செய்யவில்லை. ஓராண்டின் முடிவில், பாரந்தூக்கியோரின் வீக்கம் மற்றையோரினும் பெருகவில்லை. அன்றியும், வீக்கநோய் கடுமையுற்று மருத்துவம் நாடியோர் பாரந்தூக்கியோரில் நூற்றுக்கு 14 பேர். தூக்காதோரில் நூற்றுக்கு 29 பேர். அஞ்சியிருந்தோர்க்கே துன்பம் மிகுந்தது.

எங்கள் இல்லத்தில் உறையும் இல்லை. இரும்புப் பாரமும் இல்லை. செம்பு இருந்தது. தமக்கையார்க்கு வீக்கமும் இருந்ததில்லை. ஒரு செம்பு நீர் நாளடைவில் ஒரு தவலையாயிற்று, தவலை அரைக்குடமாயிற்று. இரண்டாண்டுகள் கழித்துத்தான் முழுக்குடம். ஒரேயடியாகக் குடத்தைத் தூக்கியிருப்பின் கேடு விளைந்திருக்கக்கூடும். மெல்ல மெல்ல என்பதிலேதான் முறையெல்லாம் அடங்கியுள்ளது.

கையைப் பற்றியே இதுவரை கூறினேன். நோயினின்றும் மீண்டவர்க்கு உடல் முழுதும் வேறு பல தொல்லைகளும் உள. அவற்றுள் தலையாயது களைப்பு. நாம் உழைத்தபின் அடையும் களைப்பு உறங்கினால் நீங்கும். மருந்தேற்றத்திற்குப்பின் வரும் களைப்போ உறங்கி எழுந்தாலும் நீங்குவதில்லை. மேலும் ஓய்ந்திருந்தால் தசை மெலியும். தசை மெலிந்தால் சிறு வேலையும் பெருஞ்சுமையாகும். அதனாற் களைப்பு இன்னும் மிகும். இவ்வளையத்தை அறுப்பது உழைப்பேயன்றி ஓய்வன்று என்பது முதலில் நம்புதற்கரியதாகத் தோன்றும். ஆயினும், 2019ஆம் ஆண்டில் பல நாட்டறிஞர் ஒன்றுகூடி ஆய்வுகளையெல்லாம் சீர்தூக்கி, வாரம் மும்முறை, முறைக்கு முப்பது நிமிடம், மூச்சு சற்றே விரையுமாறு நடத்தல் போன்ற பயிற்சி களைப்பையும் மனக்கவலையையும் சோர்வையும் குறைக்கும் என்று முடிவு கூறினர்.

நடப்பதால் ஆயுள் நீளுமோ என்னும் வினாவும் எழும். 2005ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று, இந்நோயுற்ற 2987 அமெரிக்கச் செவிலியரின் வாழ்வைப் பல்லாண்டுகள் தொடர்ந்து நோக்கிற்று. வாரத்தில் மூன்று முதல் ஐந்து மணி நேரம் நடக்கும் அளவிற்கு உழைத்தோருள், இந்நோயால் இறந்தோர் உழையாதோரினும் மிகக் குறைவாக இருந்தனர். இதனைக் கண்டு நடையே உயிர்காத்தது என்று உடனே முடிவு செய்தல் ஆகாது. உடல்நலம் உடையோரே மிகுதியாக நடந்திருக்கவும் கூடுமன்றோ? இவ்வையத்தை நீக்கச் சீட்டுக் குலுக்கியது போல மக்களை இரு கூறாக்கி ஆராய வேண்டும். குடற்புற்று உடைய 889 பேரை அவ்வாறு பகுத்து நடத்திய ஆய்வு 2025ஆம் ஆண்டில் வெளியாயிற்று. மருத்துவம் முடிந்தபின் மூன்றாண்டுகள் முறையாகப் பயிற்சி செய்தோருள், எட்டாண்டுகளுக்குப்பின் உயிரோடிருந்தோர் நூற்றுக்கு 90 பேர். நலவாழ்வு நூல் மட்டும் பெற்றோருள் 83 பேர். அது வேறு நோய். மார்பகப் புற்றுக்கும் இதுவே பொருந்தும் என்று கூற அச்சான்று போதாது. ஆயினும், களைப்பு குறைதலும் தோள் எளிதாதலும் உள்ளம் தெளிதலும் ஐயமின்றி நிறுவப்பட்டவை. பயிற்சி மருந்திற்கு மாற்றன்று என்பதையும் மறத்தலாகாது. மருந்தை விட்டுவிட்டு நடையை மட்டும் நம்பினோர் கெட்டனர்.

இனி, எங்கள் தெருவிற் பலரும் கேட்ட கேள்வி ஒன்று. "வீட்டுவேலையெல்லாம் செய்கிறாளே, பின்பு தனியாக நடை எதற்கு?" என்பர். வீட்டுவேலையும் உழைப்புத்தான், அதனை இகழ்தல் கூடாது. ஆனால், அது இடையிடையே நின்று நின்று நடப்பது, குனிந்தே செய்வது, தோளை உயர்த்துதற்கு இடந்தராதது. அன்றியும், அது பிறர்க்காகச் செய்யும் வேலை. மாலையில் முப்பது நிமிடம் வாய்க்காற் கரையிற் கைவீசி நடந்தபொழுது, அந்நேரம் தமக்கே உரியது என்று தமக்கையார் கூறினார். அந்த முப்பது நிமிடத்தை அவர்க்குக் கொடுப்பதற்கு வீட்டார் ஆற்ற வேண்டிய தொண்டு, நாற்காலியை இழுத்துப் போடுவதினும் அரியது. அடுப்பை நாம் பார்த்துக்கொள்ள வேண்டும். "இந்த வயதில் இவளுக்கு என்ன உலாத்தல்?" என்போர்க்கு நாம் விடை கூறவேண்டும். திருவள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்து, நோயுற்றவனையும் உடனிருந்து பணிசெய்வோனையும் மருத்துவனோடும் மருந்தோடும் ஒருங்கு வைத்து எண்ணினார். நோயாளன் வாளா கிடப்பவன் அல்லன் என்பது அவர் கருத்துப் போலும். உடனிருப்போனாகிய யான் மூன்று திங்கள் எவ்வகையிற் பணிசெய்தேன் என்பதை முன்னரே கூறினேன்.

தமக்கையார்க்கு இப்பொழுது எழுபத்திரண்டு வயது. சென்ற ஆடிப்பெருக்கன்று குடும்பத்தோடு கொள்ளிடக் கரைக்குச் சென்றோம். பெண்டிர் முளைப்பாரிச் சட்டிகளை ஏந்தி வரிசையாக நின்றனர். ஈரமண் நிறைந்த சட்டி, பாரம் குறைவன்று. தமக்கையார் குனிந்து தம் சட்டியை இரு கைகளாலும் எடுத்து, மேலே உயர்த்தித் தலைமேல் வைத்துக்கொண்டார். பழைய அச்சம் என்னை விடவில்லை. என்னையறியாமலே ஓரடி முன்வைத்துக் கைநீட்டினேன். "விலகு தம்பி, படியில் வழி விடு" என்று கூறிவிட்டு, அவர் ஆற்றை நோக்கி இறங்கினார்.